மேசையில் விட்டுச் செல்லவும்

அஜின்கோர்ட், ரொறன்ரோ
12 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே நானும் வீட்டிலுள்ளவர்களும் சுகம். நீங்களும் மார்த்தாவும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நத்தார் காட் கிடைத்தது. அதன் உறையில் இருந்த விலாசத்துக்குத்தான் இதை எழுதுகிறேன். அப்பாவின் செத்தவீட்டுக்குப் பிறகு வருசத்துக்கு ஒரு காட், அதில் இரண்டு கையெழுத்து. இவ்வளவுதானே எங்கள் போக்குவரத்து. தங்கச்சிக்குத் திடீரென்று என்ன வந்தது என்று பயப்படாதீர்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. வேலை விசயம்.

நாங்கள் முதன்முதல் இருந்த அடுக்குமாடிக்குப் பக்கத்து நூலகத்தில்தான் பதினொரு வருசமாக வேலை செய்கிறேன். அங்கே ஸ்பானிஷ் புத்தகங்களுக்கு ஒரு அலுமாரி இருக்கிறது. கணினிக் கணக்கின்படி போன வருசம் முழுவதும் அதில் ஒன்பது புத்தகம்தான் பாவிக்கப்பட்டது. ஓகஸ்ட் முடிவுக்குள் பாவனை கூடாவிட்டால் அலுமாரியை எடுத்துவிடுவார்கள். பொறுப்பாளர் மெலிசா இங்கே பிறந்த எங்கள் சனத்துப் பிள்ளை. நல்லவள், ஆனால் அவளுக்கு மேலே ஆட்கள் இருக்கிறார்கள். "அக்கா, இது எப்பிடி ஸ்டார்ட் பண்ணினது எண்டு ஒரு பேஜ் ஹிஸ்ரறி எழுதித் தாங்கோ. எமோஷன் வேண்டாம், ஃபாக்ட்ஸ்" என்றாள்.

நிலவறையில் பழைய பெட்டி ஒன்று கிண்டினேன். 1990, 91 என்று எழுதியிருந்தது. உள்ளே 'இந்தப் புத்தகம் வேண்டும்' என்று வாசகர்கள் எழுதிக் கொடுக்கிற துண்டுகள் நூற்றுப் பன்னிரண்டு. பெரெஸ், மெஹியா, அல்வரெங்கா என்று நூற்றுப் பன்னிரண்டு பெயர், ஆனால் எல்லாம் ஒரே கையெழுத்து. ஏழுக்கு நடுவில் கோடு. எனக்குக் கணக்குச் சொல்லித் தந்த ஏழு அது, அண்ணை.

இன்னொரு விசயமும் விளங்கவில்லை. ஒருவரும் தொடாத புத்தகங்கள் என்கிறது கணினி. ஆனால் மூலை தேய்ந்து, முதுகு வெடித்துக் கிடக்கின்றன. தொடாத புத்தகம் எப்படித் தேயும்?

உங்கள் போன் நம்பரைத் தந்தால் எடுத்துக் கதைப்பேன்.

அன்புத் தங்கை,
ஷாமிலா


சான்ரா ஆனா, எல் சல்வடோர்
9 பெப்ரவரி 2024

ஷாமிலாவுக்கு,

சுகம். மார்த்தாவுக்குச் சீனி வருத்தம், எனக்கு முழங்கால். மற்றப்படி கடவுள் ஒரு குறையும் வைக்கவில்லை.

நம்பர் தரமாட்டேன். கதைத்தால் சண்டை வரும். எழுது, எழுதுகிறேன்.

உன் ஹிஸ்ரறி இதுதான். அந்த அடுக்குமாடியில் பாதி எங்கள் சனம், பாதி சல்வடோர்க்காரர். நான் வேலை செய்த பிளாஸ்ரிக் தொழிற்சாலையிலும் அப்படித்தான். இங்கிலீசுக்கு முதல் எனக்கு ஸ்பானிஷ் வந்துவிட்டது. மார்த்தாவின் அண்ணன்மார் என்னோடு ஒரே லைனில் நின்றவர்கள். அவளுடைய தகப்பன் ஊரில் வாத்தியார். ரொறன்ரோ வந்து ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு ஒரு சொல் பேசாமல் இருந்தார். அவருக்கு வாசிக்க ஒரு புத்தகம் கிடைக்குமா என்று கேட்கத்தான் மார்த்தா நூலகத்துக்குப் போனாள். மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். அப்போது பொறுப்பாக இருந்த மிஸிஸ் டொனலி சொன்னா, "ஒரு ஆள் கேட்டால் நான் ஒன்றும் செய்ய ஏலாது. நூறு பேர் துண்டு எழுதித் தந்தால் மேலே கொண்டுபோவேன்" என்று.

அந்தச் சனத்துக்கு இங்கிலீசு எழுத வராது. கதவு கதவாகத் தட்டி, கேட்டுக் கேட்டு நான் எழுதினேன். மூன்று மாசம். வீட்டில் ஓவர்ரைம் என்று சொன்னேன். நூற்றுப் பன்னிரண்டோடு ஏன் நின்றது என்று உனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் அப்பா நூலகத்துக்கே வந்து நின்றார்.

நாங்கள் அங்கே இருக்கிறோம் என்று அவருக்குச் சொன்னது யாரென்றும் எனக்குத் தெரியும். பக்கத்துக் கதவு அமிர்தநாதர். அந்த மாடியில் அப்பா கதைக்கிற ஒரே ஆள் அவர்தான். முப்பத்து மூன்று வருசமாக அந்த மனிசனோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உயிரோடு இருக்கிறாரோ?

கிளிபோட்


அஜின்கோர்ட்
2 மார்ச் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். பனி இன்னும் விட்டபாடில்லை. முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துப் பாருங்கள், அங்கே கிடைக்குமோ தெரியாது.

அமிர்தநாதர் அங்கிள் இருக்கிறார். எண்பத்து நாலு வயது. இப்போது தூர ரூஜ் பக்கம் மகன் வீட்டில். தமிழ்ப் பேப்பர் வாசிக்க இரண்டு பஸ் மாறித் தினமும் எங்கள் கிளைக்கு வருவார். அவருடைய கதிரை ஸ்பானிஷ் அலுமாரிக்கு நேர் எதிரே இருக்கிறது. அதனால் அவரிடமே கேட்டேன்.

"ஆரும் வாறேல்லையோ? ஆர் பிள்ளை சொன்னது? நாள் முழுக்கச் சனம். எடுக்குதுகள், இருந்து வாசிக்குதுகள், எடுத்த இடத்திலயே வைச்சிட்டுப் போகுதுகள். எங்கட ஆக்கள் மாதிரிப் பரத்திப் போட்டிட்டுப் போற பழக்கம் இல்லை" என்றார்.

அதுதான் அண்ணை பிரச்சினையே. வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இங்கேயே வாசித்த புத்தகத்தை மேசையில் விட்டுப் போகவேண்டும். நாங்கள் அதைக் கருவியால் வாசித்துக் கணக்கில் சேர்ப்போம். திரும்ப அலுமாரியில் வைத்தால் கணினிக்கு அது நடக்காத விசயம். 'மேசையில் விடவும்' என்று இங்கிலீசில் பலகையே வைத்திருக்கிறோம். பார்த்துச் சிரிப்பார்கள், நன்றி சொல்வார்கள், பிறகு கொண்டுபோய் வைப்பார்கள்.

ஏன் என்று ஒரு அம்மாவைக் கேட்டேன். அலுமாரியின் உள்பக்கப் பலகையைக் காட்டினா. ஒட்டுநாடாவுக்குக் கீழே மஞ்சளாகிப் போன ஒரு துண்டு. போனில் போட்டு மொழிபெயர்த்தேன். 'எடுத்த இடத்தில் வை. மேசையில் ஒன்றும் விடாதே. எங்களைப் பற்றி ஒருவரும் குறை சொல்லக் கூடாது.' கீழே 7.7.91 என்று திகதி. இரண்டு ஏழுக்கும் நடுவில் கோடு.

நீங்களா அண்ணை?

ஷாமிலா


சான்ரா ஆனா
30 மார்ச் 2024, பெரிய சனி

ஷாமிலாவுக்கு,

சுகம். இன்று இரவு பாஸ்குப் பூசை, மார்த்தா காலையிலிருந்து சமையலில் நிற்கிறாள்.

ஐயோ ஷாமிலா, நான்தான். வேலியே பயிரை மேய்ந்த கதையாகப் போச்சுது.

அப்பாவோடு சண்டைப்பட்டு நான் வீட்டை விட்டுப் போன பிறகும் நாங்கள் அந்த அலுமாரியை விடவில்லை. ஜூலையில் மிஸிஸ் டொனலி முதல் நாற்பது புத்தகத்தை வாங்கி வைத்தா. ஒரு நிபந்தனை போட்டா. "அடுக்கி வைக்க எனக்கு ஆள் இல்லை. குழம்பிக் கிடந்தால் மேலேயிருந்து வந்து எடுத்துவிடுவார்கள்." அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நானும் மார்த்தாவும் வாசலில் நின்று வருகிற ஆட்களுக்குச் சொன்னோம். அகதிக் கேஸ் முடியாத சனம், ஒரு இடத்தில் விலாசம் கொடுக்கவே நடுங்குகிற சனம். நூலகக் காட் எடுக்கப் பயம், வீட்டுக்குக் கொண்டுபோகப் பயம். ஒரு குறையும் வராமல் இருந்து வாசி, இருந்த மாதிரியே வை என்றால் உடனே விளங்கிவிடும். சல்வடோர்க்காரர் கொலம்பியாக்காரருக்குச் சொல்லி, அவர்கள் இப்போது வந்த வெனிசுவேலாக்காரருக்குச் சொல்லி இருக்கிறார்கள் போல. நாங்கள் மார்த்தாவின் ஊருக்கு வந்துவிட்டோம், நான் அந்தப் பக்கம் போயே பத்து வருசத்துக்கு மேல்.

நீங்கள் இங்கிலீசில் எழுதி ஒட்டினால் அவர்கள் கேட்கமாட்டார்கள். அது ஒபிஸ் எழுத்து. அதே கையால் எழுதினால் கேட்பார்கள். 'வாசித்ததை மேசையில் விடு' என்று புதுத் துண்டு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பழையதைக் கிழிக்காதே, பக்கத்தில் ஒட்டு.

அமிர்தநாதர் இருக்கிறார் என்று எழுதினாய். அதற்கு மேல் ஒரு வரி இல்லை. அவர் என்னைப் பற்றிக் கேட்டாரா? செய்த வேலைக்கு ஒரு துளி வெட்கமாவது இருக்கிறதா?

கிளிபோட்


அஜின்கோர்ட்
20 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணைக்கும் மார்த்தாவுக்கும்,

நலம், உங்கள் நலமும் அதுவே ஆகுக. பாஸ்குத் திருநாள் நன்றாக நடந்திருக்கும். இங்கே கோயிலில் சரியான சனம், காருக்கு இடமில்லை.

துண்டை ஒட்டினேன். முதல் கிழமை ஒருவரும் மசியவில்லை. வாசித்துப் பார்த்துத் தலையாட்டுவார்கள், கை கேட்காது. ஒரு கொலம்பியாக்காரப் பெண் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வாசல் வரை போனா. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தா. பிறகு ஓடி வந்து எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டுத்தான் போனா. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அமிர்தநாதர் அங்கிளுக்குப் பொறுக்கவில்லை. எழும்பிப் போய் அடுத்த ஆளின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி, "மேசை! மேசை!" என்று தட்டிக் காட்டினார். தமிழில்தான் சொன்னார், அவர்களுக்கு விளங்கிவிட்டது. அவர்களும் மேசையை மேசா என்றுதான் சொல்வார்களாம். இப்போது அவர் பேப்பர் வாசிப்பதைவிட இந்தக் காவல்தான் கூட. கோயில் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில், அலுமாரியிலிருந்து எடுபடுகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு கோடு போடுகிறார். கணினிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும் என்று மெலிசாவும் சொன்னாள்.

நீங்கள் கேட்ட மற்ற விசயத்தைப் பிறகு ஆறுதலாக எழுதுகிறேன்.

ஷாமிலா


சான்ரா ஆனா
12 மே 2024

ஷாமிலாவுக்கு,

சுகம்தான். இங்கே மழை தொடங்கிவிட்டது.

ஆறுதலாகவா? முப்பத்து மூன்று வருசம் ஆறுதல் போதாதோ உனக்கு?

அந்த ஆள் என் அலுமாரிக்குக் காவல் நிற்கிறாராம். இருக்கட்டும். ஆனால் நீ ஒன்று விளங்கிக்கொள். அன்றைக்கு அப்பா அந்தத் துண்டுகளைத் தூக்கி நிலத்தில் வீசினார். "ஊரில பொம்பிளை பாத்து வாக்குக் குடுத்திட்டன், நீ இஞ்ச ஆரோடயோ சிரிச்சுக்கொண்டு இருக்கிறியோ" என்று எல்லாருக்கும் முன்னால் கத்தினார். மார்த்தாவுக்கு ஒரு சொல் விளங்கவில்லை. குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினாள். அவளும் கத்தோலிக்க வேதக்காரி, நானும் வேதக்காரன், அப்பாவுக்கு என்ன குறை? அன்றிரவே பையோடு போனேன்.

அமிர்தநாதரின் மனிசி பிலோமினா அன்ரி, நான் தனியாக வந்திறங்கிய நேரம் ஆறு மாசம் எனக்குச் சோறு போட்டவ. அவவின் செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. அவர் முகத்தில் முழிக்கக் கூடாது என்று போகவில்லை. அது என்னை இன்றுவரை தின்கிறது. அந்த மனிசன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இது ஒன்றும் நடந்திராது.

அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுது.

கிளிபோட்


அஜின்கோர்ட்
8 ஜூன் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம் விசாரித்து எழுத இன்றைக்கு மனம் ஓடவில்லை. மன்னியுங்கள்.

அமிர்தநாதர் அங்கிள் அப்பாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

அடுத்த நாள் எனக்குக் கணக்குச் சோதனை. சொல்லித் தருகிறேன் என்றிருந்தீர்கள். பிறகு ஓவர்ரைம் என்று போய்விட்டீர்கள். வீட்டில் அப்பாவின் ரேடியோச் சத்தம், படிக்கமுடியாமல் நூலகத்துக்குப் போனேன். ஜன்னல் பக்க மேசையில் நீங்கள் இருந்தீர்கள். அந்தப் பெண் ஏதோ சொல்ல, தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தீர்கள். அம்மா செத்த பிறகு நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எங்களோடு சிரிக்க நேரமில்லாத அண்ணைக்கு இவளோடு சிரிக்க நேரம் இருக்கிறதே என்று நெஞ்செல்லாம் எரிந்தது.

வீட்டுக்குப் போனேன். அப்பா சோறு போட்டுக்கொண்டிருந்தார். "அண்ணை ஓவர்ரைம் செய்யேல்லை. லைபிரரியில ஒரு ஸ்பானிஷ்காரியோட இருந்து சிரிச்சுக்கொண்டிருக்கிறார்" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். அப்பா கோட்டும் போடாமல் பனிக்குள் இறங்கிப் போனார். உங்களுக்கு ஒரு ஏச்சு விழும், நாளைக்குக் கணக்குச் சொல்லித் தருவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வீட்டை விட்டுப் போவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. பதினாறு வயது என்று சொல்லித் தப்ப நான் விரும்பவில்லை. அப்பாவின் செத்தவீட்டில் நீங்கள் கோயிலின் கடைசி வாங்கு வரிசையில் நின்றபோதாவது வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நீங்கள் அங்கிளின் பெயரை எழுதியதும் அவராகவே இருக்கட்டும் என்று பேசாமல் இருந்தேன். இரண்டு கடிதத்தில் மழுப்பினேன். அந்த மனிசன் என் கண்ணுக்கு முன்னால் இருந்து உங்கள் அலுமாரிக்குக் கோடு போடுகிறார். அவர் கொண்டுவந்து தருகிற பிஸ்கட்டைத் தின்னாமல் கைப்பைக்குள் போட்டு வைக்கிறேன். பிலோமினா அன்ரியின் கதையை எழுதினீர்கள், அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

என்னை என்ன சொன்னாலும் கேட்பேன்.

ஷாமிலா


அஜின்கோர்ட்
27 ஜூலை 2024

அன்புள்ள அண்ணைக்கு,

மார்த்தாவின் சீனி எப்படி என்று தெரியவில்லை. உங்கள் முழங்காலும் தெரியவில்லை. கடிதம் கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவேண்டும் என்று இல்லை. அலுமாரியின் நிலைமையைச் சொல்லத்தான் எழுதுகிறேன், அது உங்களுடையது. இப்போது மேசையெல்லாம் புத்தகம். ஒரு மெக்சிக்கோக்காரர் போகும்போது அங்கிளைத் திரும்பிப் பார்த்து, சரிதானே என்று கையால் கேட்டுவிட்டுப் போகிறார். போன மாசம் மட்டும் முந்நூற்றுப் பதினெட்டு. அங்கிளின் கோடு முந்நூற்று இருபத்தொன்று. மூன்றுக்கு மெலிசாவோடு சண்டை பிடித்தார், "கணினிக்குக் கண் தெரியாது பிள்ளை" என்று.

அவருக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உங்களிடமிருந்து ஒரு சொல் வராமல் அவரிடம் போகப் பயமாக இருக்கிறது.

ஷாமிலா


அஜின்கோர்ட்
7 செப்ரெம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கும் மச்சாளுக்கும்,

எல்லோரும் சுகம். நீங்களும் அப்படியே என்று இப்போது தெரியும், ஏனென்றால் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். அது எனக்கு வந்ததில்லை. நூலக விலாசத்துக்கு, திரு. அமிர்தநாதர், தமிழ்ப் பேப்பர் மேசை என்று போட்டு வந்தது. தபால் பெட்டியில் நான்தான் அதைக் கண்டேன். உடைக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"கிளிபோட் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். முப்பத்து மூண்டு வருசமா என்னோட கோவமாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "என்னோட கோவம் எண்டு எனக்கே தெரியாது பிள்ளை. பொடியனுக்கு வேலைப்பழு, அதுதான் வாறேல்லை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்!" என்றார்.

அப்போதுதான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "அவள் பிலோமினா சாகும்வரை அவனைக் கேட்டவள். அதுதான் கொஞ்சம் நோகுது" என்றார். அடுத்த நாளும் பிஸ்கட் கொண்டுவந்தார்.

அலுமாரி நிற்கிறது. இன்னும் மூன்று வருசத்துக்கு என்று மேலேயிருந்து எழுதியிருக்கிறார்கள், புதுப் புத்தகங்களும் வரும். ஹிஸ்ரறிப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப் போகிறாள் மெலிசா. யாருடைய பெயர் போடுவது என்று கேட்கிறாள். எனக்கு நீங்கள் எழுதாவிட்டாலும் அதையாவது அவளுக்கு எழுதுங்கள்.

ஷாமிலா


சான்ரா ஆனா
29 செப்ரெம்பர் 2024

தங்கச்சி,

நாங்கள் சுகம். மார்த்தாவின் சீனி இறங்கிவிட்டது. முழங்கால் அப்படியே.

உன் ஜூன் மாசக் கடிதம் வந்த அன்று அதைக் கசக்கி எறிந்தேன். மார்த்தா பொறுக்கி எடுத்து மேசையில் வைத்தாள். பொறுக்குவது அவளுக்குப் பழக்கம். ஒன்பது கிழமை அது அங்கேயே கிடந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். உன்மேல் அவ்வளவு கோபம். பிறகு அமிர்தநாதரை நினைத்தேன். பாவம் அந்த மனிசன், என் கோபத்தைக்கூட அறியாமல் இருந்திருக்கிறார். அவருக்கு முதலில் எழுதுவதுதான் முறை என்று எழுதினேன்.

போன ஞாயிறு மார்த்தா, "அந்தப் பிள்ளை என்னதான் எழுதியிருக்கிறாள், வாசி" என்றாள். ஒவ்வொரு வரியாக அவள் பாசையில் சொன்னேன். முடிய, நான் என்ன சொல்லுவேனோ என்று பார்க்காமல் ஒரு கேள்வி கேட்டாள். "சோதனையில் பிள்ளை பாஸா?"

எனக்குத் தெரியவில்லை. முப்பத்து மூன்று வருசத்தில் ஒருநாள்கூட நான் அதைக் கேட்கவில்லை. உன்னை அந்த ரேடியோச் சத்தத்துக்குள் அப்பாவோடு தனியே விட்டுவிட்டுப் போனது நான்தான். ஓவர்ரைம் என்று பொய் சொன்னதும் நான்தான். நீ சொன்னது உண்மை.

மெலிசாவின் பக்கத்தில் மார்த்தா, மிஸிஸ் டொனலி, அமிர்தநாதர் பெயர்களைப் போடச் சொல்லு. பிலோமினா அன்ரியையும் சேர். சோறு இல்லாமல் துண்டு எழுத ஏலாது.

இதற்கு நீ கடிதம் எழுதவேண்டாம். இத்துடன் ஒரு துண்டில் நம்பர் இருக்கிறது. ஞாயிறு பூசை முடிய எடு. எடுத்தவுடன் அழத் தொடங்கினால் வைத்துவிடுவேன். முதலில் சோதனை என்னமாதிரி என்று சொல்லு.

அண்ணை